மூன்று, ஆறு, ஏழு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் எங்கேயாவது மெல்லிசைக் கச்சேரி நடந்தால், தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னதாகவே போய் மேடைக்கு அருகில் நில்லுங்கள். மைக் செட்காரர் எல்லா மைக்குகளையும் தட்டிப் பார்த்து முடித்ததும், வாத்தியக்காரர்கள் சேர்ந்து ஏதாவது ஒன்றை வாசித்துச் சத்தத்தைச் சரிபார்ப்பார்கள். இரண்டு மூன்று குழுக்களில் பேஸ் கிதார் வாசிப்பவர் அப்போது “மூன்று, ஆறு, ஏழு” என்று குரல் கொடுப்பார். உடனே டோலக்கும் கிதாரும் கீபோர்டும் ஒன்றாக இறங்கும். மெதுவாக உருண்டு வரும் அந்த இசை எந்தத் தமிழ்ப் படத்திலிருந்தும் எடுத்ததில்லை. வாசிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், “மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு அவருடைய மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார்” என்கிறார்கள். அந்த மாஸ்டரின் மாஸ்டர்தான் எங்கள் குழுவின் தலைவர். போன ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அந்த இசை எங்கிருந்து வந்தது, யார் யார் கைபட்டு இப்படி ஆனது என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பதினான்கு ஆண்டுகள் அந்தக் குழுவில் நான்தான் பெண்குரல்.

மாஸ்டர் குழுவைத் தொடங்கியது 1984-இல். பகலில் மின்வாரிய வேலை, மாலையில் கொசப்பேட்டையில் ஒரு தையற்கடையின் மாடி. கீழே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை மேலே பாட்டுப் பிரதி எடுக்கும் வேலை மட்டும் நடக்கும். கடை சாத்தியபிறகுதான் ஒத்திகை. ஆரம்பத்தில் ஒரு ஹார்மோனியம், ஒரு டோலக், பாங்கோஸ், கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிதார் ஒன்று. மற்றதெல்லாம் ஒவ்வொரு திருவிழாக் காலத்துக்கும் ஒன்றாக வந்து சேர்ந்தவை. 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது எங்கள் பக்கத்துக்கு ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று பெயர் வந்தது. சுவரொட்டியில் அந்தப் பெயரை முழுவதுமாகப் போட்டால் குழுவின் பெயருக்கு இடம் போதாது. மாஸ்டர் குழுவின் பெயரைத்தான் சிறிதாக்கினார், மாவட்டத்தின் பெயரை விடவில்லை. மாவட்டம் முழுவதும் நமக்கு மேடை உண்டு என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைக்குக் காரணமும் இருந்தது. மாசியில் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, சித்திரைப் பௌர்ணமிக்கு வேலூரில் புஷ்பப் பல்லக்கு, வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு, ஆடி மாதம் முழுவதும் ஊருக்கு ஊர் அம்மன் கோயில்கள், கார்த்திகை மாதத்துக் கல்யாணங்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று ஆண்டு முழுவதும் மெட்டடோர் வேன் ஓடிக்கொண்டே இருக்கும். சோளிங்கர் ஒரு நாள், வாணியம்பாடி மறுநாள். இரவு ஒன்பதுக்குப் பிள்ளையார் பாட்டில் தொடங்கினால் விடியற்காலை நான்குக்குத்தான் முடியும். அந்த ஏழு மணி நேரத்துக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பக்தி, பிறகு மெல்லிசை, பதினொரு மணிக்குமேல் ஆட்டப்பாட்டுகள், நடுவில் பலகுரல் நிகழ்ச்சி. இரண்டு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் பாயில் சுருண்ட பிறகு மெதுவான பாட்டுகள். அந்த இரண்டு மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை அதில்தான் இருக்கிறது.

நான் 1991-இல் சேர்ந்தேன். பதினெட்டு வயது. அதுவரை எனக்குத் தெரிந்த மேடை தேவாலயத்தின் பாடகர் குழு மட்டும்தான். எங்கள் சபையில் மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலையும் உண்டு, கீர்த்தனையும் உண்டு. வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் கீர்த்தனைகளை ராகத்தோடு பாடுவோம். பாமாலைகளை நான்கு குரலில் பிரித்துப் பாடுவோம். என் இடம் ஆல்டோ. அதாவது பெண்களில் கீழ்க்குரல். மெட்டைப் பாடுவது சோப்ரானோ. ஆல்டோ அதற்குக் கீழே நின்று தாங்கும். கேட்பவர்களுக்கு எங்கள் குரல் தனியாகத் தெரியாது, ஆனால் நாங்கள் நிறுத்தினால் பாட்டு வெறுமையாகிவிடும். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மெல்லிசை மேடையில் அதற்கு இடமே இல்லை. ஜானகி, சித்ரா, சுவர்ணலதா என்று எல்லோருக்கும் நான் ஒருத்திதான். தமிழ்ச் சினிமா பெண்குரலை உயரத்தில்தான் கேட்டுப் பழகியிருந்தது. நீளமான கணக்கு நோட்டில் பாட்டை எழுதி, ஓரத்தில் கட்டையை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதற்கான ஹார்மோனிய எண்ணை, குறித்துக்கொள்வேன். எண் கூடினால் சுருதி உயரும். ஐந்து, ஐந்தரை, ஆறு. மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரை இழுக்க வேண்டியிருக்கும். பாடினேன், கைதட்டும் கிடைத்தது. ஆனால் கச்சேரி முடிந்து வேனில் வரும்போது தொண்டையெல்லாம் கீறிவிட்டாற்போல எரியும். அம்மா கூடையில் பிளாஸ்க்கோடு கூடவே வருவார். ஒரு பெண்பிள்ளை இரவில் வாத்தியக்காரர்களோடு போகிறாள் என்று பேசியவர்களுக்கு அம்மாவின் அந்தக் கூடைதான் பதில்.

பேசியவர்கள் எங்கள் சபையிலும் இருந்தார்கள். சபை நிர்வாகத்தில் இருந்த மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஞாயிறு காலை ஆண்டவரைப் பாடும் வாயால் வெள்ளி இரவில் மாரியம்மனைப் பாடுவது எப்படி என்று கேட்டார். அம்மா நிதானமாக, “ஐயா, ஆடி மாதம் எந்தக் கோயில் ஒலிபெருக்கியில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான் வரும். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறவர் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா?” என்றார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த லூர்து மேரி ராஜேஸ்வரிதான் தமிழ்நாட்டு அம்மன் கோயில்களின் குரல். மூப்பர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் எனக்குத் தனிப்பாட்டு கொடுக்கப்படவில்லை. அது எனக்கு வலித்தது. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அக்கா வந்தார்.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை எங்கள் ஊரை என்ன செய்திருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் சரியாக உணர்வதில்லை. நோயாளிகள் வங்காளத்திலிருந்து வருவதைச் சொல்வார்கள். படிக்க வருபவர்களும் இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். அக்கா ஷில்லாங்கைச் சேர்ந்த காசி இனப் பெண். பாகாயத்தில், அந்த மருத்துவமனையின் கல்லூரியில், மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை தையற்கடைக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தவர் மேலே கிதார் சத்தம் கேட்டுப் படியேறிவிட்டார். எங்கள் கிதார் பையன் ஒரு இடையிசையைப் பிடிக்கத் திணறிக்கொண்டிருந்தான். “கொடுங்கள்” என்று கையை நீட்டினார். அவருக்கு அப்போது தமிழில் தெரிந்த சில சொற்களில் அது ஒன்று. ஒரு முறை கேசட்டைக் கேட்டுவிட்டு அப்படியே வாசித்தார். மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

ஷில்லாங்கில் கிதார் இல்லாத வீடு குறைவு என்று அக்கா சொல்வார். 1841-இல் வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் அங்கே போன காலத்திலிருந்து நான்கு குரல் பாட்டு அந்த மலைகளில் ஊறியிருக்கிறது. அதன்மேல் மேற்கத்திய இசை வந்து இறங்கியது. லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடிவரும் ஊர் அது. அக்காவுக்கு உயிர் ப்ளூஸ்தான். எங்களில் ஒருவரும் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

ஒத்திகை முடிந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பிப் பகுதியில் பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவெடுத்தது. பிறகு பிழைப்புத் தேடி அவர்கள் வடக்கே ரயிலேறியபோது பாட்டும் கூடவே போனது. மடி வாட்டர்ஸ் 1943-இல் சிகாகோ போய்ச் சேர்ந்தார். அந்த நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் வெறும் கிதார் எடுபடவில்லை, மின்கிதார் எடுத்தார். அன்று முதல் மதுக்கூடத்து ப்ளூஸ் குழு என்றால் ஒரு குரல், மின்கிதார், பேஸ், டிரம்ஸ், முடிந்தால் பியானோ அல்லது மவுத் ஆர்கன். இரவு முழுவதும் வாசிக்க வேண்டும், கேட்டதை வாசிக்க வேண்டும், கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “நம்ம வேலைதான்” என்றார் மாஸ்டர்.

அமைப்பு எளிது. பன்னிரண்டு அளவு (பார்), ஒவ்வோர் அளவிலும் நான்கு தட்டு, சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் மூன்றே சுருதிக்கூட்டுகள் (கார்ட்). கிதாரின் கீழ்க்கம்பி ஹார்மோனியக் கணக்கில் மூன்று கட்டை. அதை ஆதாரமாக வைத்தால் மற்ற இரண்டும் ஆறு கட்டையிலும் ஏழு கட்டையிலும் விழும். அதுதான் “மூன்று, ஆறு, ஏழு”. முதல் நான்கு அளவு மூன்றில்; அடுத்து இரண்டு ஆறில், இரண்டு மூன்றில்; பிறகு ஏழில் ஒன்று, ஆறில் ஒன்று, கடைசி இரண்டும் மறுபடி மூன்றில். பாட்டு மூன்று வரி. முதல் வரியையே இரண்டாவதாகவும் பாட வேண்டும். மூன்றாவது வரி அதற்கு முடிவு சொல்லும்.

எங்கள் டோலக் அண்ணன் செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்துக் குடும்பம். அவருடைய அப்பா முகவீணை என்ற, நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவியை வாசித்தவர். பங்குனியிலிருந்து வைகாசி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக ஓடும்; கடைசி நாள் துரியோதனன் படுகளம். அந்த நாட்களில் அண்ணன் எங்கள் அழைப்பைக்கூட ஏற்கமாட்டார், ஊருக்குப் போய்விடுவார். அக்கா பன்னிரண்டு நாலு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது அண்ணன், “எதற்கு அவ்வளவு எண்ண வேண்டும்? ஆறு ஆதி தாளம். திஸ்ர நடை. முடிந்தது” என்று சொல்லி டோலக்கை எடுத்துவிட்டார். நாற்பத்தெட்டுத் தட்டு, எட்டு எட்டாக ஆறு ஆவர்த்தனம், அதாவது ஆதி தாளத்தின் ஆறு முழுச் சுற்று; திஸ்ர நடை என்றால் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். ஒரு வரிக்கு இரண்டு ஆவர்த்தனம். முதலாவதில் குரல் பாடும், இரண்டாவதில் கிதார் பதில் சொல்லும். அக்கா இதை ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு, இத்தனை ஆண்டு வாசித்தும் இப்படி யோசித்ததில்லை என்றார்.

அண்ணன் அதோடு விடவில்லை. கிதாரில் அக்கா ஓடவிட்ட சுரங்களைக் கவனித்து, “இது சுத்த தன்யாசி ராகம்” என்றார். சரிதான். ரிஷபமும் தைவதமும் இல்லாத அந்த ஐந்து சுரங்கள்தான் ப்ளூஸ் கிதாரின் அடிப்படை. “கூத்தில் வேஷக்காரர் ஒரு அடி பாடிவிட்டு நிற்பார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்புவார்கள், அதற்குள் அவர் ஒரு சுற்று ஆடி வந்துவிடுவார். உங்கள் கிதார்தான் இங்கே பின்பாட்டு” என்றும் சொன்னார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ப்ளூஸில் ‘க’ என்ற காந்தாரம் கீழே உள்ள சாதாரண காந்தாரமாகவும் நிற்காது, மேலே உள்ள அந்தர காந்தாரமாகவும் நிற்காது, இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஊசலாடும். ஹார்மோனியத்தில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது. கிதாரில் கம்பியை விரலால் வளைத்து எட்டலாம். அண்ணன் சிரித்துக்கொண்டே, “என் அப்பாவின் முகவீணையில் உண்டு” என்றார். அடுத்த வாரமே அந்த முகவீணையை ஊரிலிருந்து எடுத்து வந்தார். உயிர்போகிற அளவுக்குச் சத்தம் போடும் வாத்தியம் அது. தையற்கடை மாடியில் மின்கிதாரும் முகவீணையும் மாறி மாறி அந்த நடுக்காந்தாரத்தைத் தொட்டுத் தொட்டு வாசித்த அந்த மாலையைப் பதிவுசெய்ய எங்களிடம் கேசட் மிச்சம் இல்லை. என் வாழ்க்கையில் கேட்ட இசையிலேயே அதுதான் உயர்ந்தது என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

எனக்கு நடந்தது வேறு. மூன்று கட்டையில் பாட வேண்டும் என்றதும் எனக்குப் பயம். ஐந்தரையில் பாடுகிற பெண் மூன்றுக்கு இறங்கினால் குரல் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு வந்துவிடும். அக்கா, “வரட்டும், அங்கேதான் வர வேண்டும்” என்றார். பாடினேன். அது என் ஆல்டோ குரல். சபையில் மற்ற குரல்களுக்கு அடியில் மறைந்திருந்த குரல், இங்கே தனியாக, முன்னால், மைக்கில். என் பாட்டி இழவு வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி சொல்லும்போது வந்த குரலும் அதே இடத்திலிருந்து வந்ததுதான். சினிமா எங்களுக்கு மறக்கடித்த பெண்குரல் அது. இதை நான் அடித்துச் சொல்கிறேன்: நம் ஊர்ப் பெண்கள் நடவிலும் சாவிலும் தாலாட்டிலும் பாடும் சுருதி கீழே இருக்கிறது. மேடைப் பெண்குரல் உயரத்திலேயே நிற்க வேண்டும் என்பது ரசனை அல்ல, பழக்கம்.

மூப்பர் கதையை அக்காவிடம் சொன்னபோது அவர் ரோசெட்டா தார்ப் பற்றிச் சொன்னார். தேவாலயத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண். மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆண்டவரைப் பாடியவர். 1938-இல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில், மது ஓடும் இடத்தில், அதே பாட்டுகளைப் பாடினார். சபையார் கொதித்தார்கள். அவர் இரண்டையும் விடவில்லை. தாமஸ் டார்சி என்பவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர். ப்ளூஸ் பியானோ வாசித்துப் பிழைத்தவர், பிறகு கறுப்பினத் திருச்சபைகளின் நற்செய்தி இசைக்கே தந்தை என்று பெயர் பெற்றார். இதையெல்லாம் கேட்டபிறகு எனக்கு அந்த மூப்பர்மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் தனியாக இருக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது.

முதலில் மேடையேற்றியது 1992 ஆடியில், அணைக்கட்டு பக்கத்து ஊர் ஒன்றில். இரவு இரண்டு மணி தாண்டியிருந்தது. அந்த ஊரில் சாப்பாட்டுக்கு முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு போட்டிருந்தார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு 2023-இல்தான் வந்தது, அதன் ருசி எங்களுக்கு அப்போதே தெரியும். ஆங்கிலப் பாட்டு வேண்டாம் என்று மாஸ்டர் உறுதியாக இருந்தார். டோலக் அண்ணன்தான் வரிகளைக் கட்டினார்:

பாலாற்றங் கரையில் நின்றேன், மணல்தான் ஓடுது.
பாலாற்றங் கரையில் நின்றேன், மணல்தான் ஓடுது.
மணலும் லாரியில் ஏறிப்போனா மனசு எங்கே ஓடும்?

விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் கிழவிகள். முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சுற்றில், கிதார் பதில் சொல்ல வேண்டிய ஆவர்த்தனத்தில், முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி என் வரியின் கடைசிச் சொல்லை இழுத்துப் பாடினார். ஒப்பாரியில் பெண்கள் ஒருவர் சொல்லை ஒருவர் வாங்குவார்களே, அப்படி. அடுத்த வரிக்கு நான்கைந்து பேர். அக்கா கிதாரை நிறுத்திவிட்டு அவர்களுக்கு இடம் விட்டார். அன்று முதல் அந்தப் பாட்டுக்கு எங்கள் குழுவில் நிரந்தர இடம் கிடைத்தது. யாரும் சீட்டு எழுதிக் கேட்கவில்லை என்றாலும் இரண்டு மணிக்கு அது உண்டு.

அக்கா எல்லாக் கச்சேரிக்கும் வந்தவர் அல்லர். விடுதிக்கு நேரக் கட்டுப்பாடு, தேர்வுகள், வார்டு வேலை. விடுமுறை நாட்களிலும், அனுமதி கிடைத்த இரவுகளிலும் மட்டும். 1994-இல் படிப்பை முடித்து, மிஷன் மருத்துவமனையில் பணிசெய்ய மேகாலயாவுக்கே போய்விட்டார். போகும்போது கிதார் பையனுக்குத் தன் கிதாரைக் கொடுத்துவிட்டார். அவன் அன்று அழுதான். பிறகு வாசித்த வாசிப்பில் அந்த அழுகை முழுவதும் இருந்தது.

குழுவின் மிகச் சிறந்த ஆண்டுகள் அதற்குப் பிறகுதான் வந்தன என்பது என் கருத்து. அக்கா விட்டுச்சென்றது ஒரு பாட்டை மட்டும் என்றால் அது அவரோடு போயிருக்கும். அவர் விட்டுச்சென்றது அந்த இடைவெளியை. அதுவரை மாஸ்டர் கேசட்டில் உள்ளதை உள்ளபடி வாசிப்பதையே தொழில் தர்மமாகக் கொண்டிருந்தவர். இளையராஜாவின் இடையிசையில் ஒரு வயலின் கீற்று தவறினாலும் ஒத்திகையை நிறுத்திவிடுவார். அந்தக் கண்டிப்பு மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாவது சரணத்துக்குப் பிறகு, பல்லவிக்குத் திரும்புமுன், ஒரு ஆவர்த்தனம் திறந்துவிடுவார். அதில் பாடியவருக்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். கிதார், குழல், டோலக், யாராகவும் இருக்கலாம். என்ன சொல்வது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளக் கூடாது. பாடியவள் எப்படிப் பாடினாள் என்பதைக் கேட்டவர்தான் அதில் வாசிக்க முடியும். மற்றக் குழுக்காரர்கள் இதைக் கேட்கவே எங்கள் கச்சேரிக்கு வந்து பின்னால் நிற்பார்கள்.

பாலாற்றுப் பாட்டும் வளர்ந்தது. 1996 ஆகஸ்டில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக நிறுத்திய தீர்ப்பு அது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. டோலக் அண்ணன் உடனே மூன்று வரி சேர்த்தார், கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதைப் பற்றி. எங்கள் பேஸ் கிதார் அண்ணன் பகலில் தோல் தொழிற்சாலையில்தான் வேலை செய்தார். அவர் சம்பளம் அந்தத் தண்ணீரிலிருந்துதான் வந்தது. “பாடு, நான் வாசிக்கிறேன். ஆனால் தொழிலாளியைக் குற்றவாளி ஆக்காதே” என்றார். அண்ணன் வரியை மாற்றினார். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் பாட்டை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாசித்தார், சாப்பாட்டுப் பந்தி நேரத்தில், சொற்கள் இல்லாமல். சத்தம் சரிபார்க்கும் இசையாக அது மாறியது அதிலிருந்துதான்.

குழுக்கள் ஏன் மறைந்தன என்று கேட்டால் எல்லோரும் கணினி இசையைக் காரணம் சொல்கிறார்கள். 1992-க்குப் பிறகு சினிமா இசையின் ஒலியே மாறியது உண்மை. ஏ.ஆர். ரகுமானின் அடுக்கடுக்கான ஒலிகளைப் பத்துப் பேர் மேடையில் கொண்டுவருவது கடினம். தாளவாத்தியச் சத்தங்களைத் தரும் மின்கருவியான ரோலண்ட் ஆக்டபேடு 1985-லேயே வந்துவிட்டது என்றாலும் எங்களுக்குப் பழையது ஒன்று கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. அதையெல்லாம் சமாளித்தோம். குரல் இல்லாத ட்ராக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேர் மட்டும் பாடும் நிகழ்ச்சிகள் வந்தன, அதுவும் வயிற்றில் அடித்தது. ஆனால் எங்களை முடித்தது நேரம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. நோயாளிகள் நிறைந்த ஊரில் அந்த விதி தேவைதான், நான் அதை எதிர்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காவல் நிலையங்கள் கண்டிப்பானபோது ஏழு மணி நேரக் கச்சேரி மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. எதை வெட்டுவார்கள்? ஆட்டப்பாட்டை வெட்டினால் இளைஞர்கள் விடமாட்டார்கள், பக்தியை வெட்டினால் கோயில்காரர்கள் விடமாட்டார்கள். இரண்டு மணிப் பாட்டுக்கு இரண்டு மணியே இல்லாமல் போனது. 2005-இல் மாஸ்டர் வேனை விற்றார்.

இப்போது யார் எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு அண்ணன் குடியாத்தத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். முதலில் சொன்ன “மூன்று, ஆறு, ஏழு” பிள்ளைகள் பெரும்பாலும் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் சரணத்துக்குப் பிறகு அந்த ஒரு ஆவர்த்தனத்தை இன்றும் திறந்துவைக்கிறார்கள். டோலக் அண்ணன் ஊரோடு போய்க் கூத்தில் முழுநேரமாக இறங்கிவிட்டார். அவருடைய ஹார்மோனியக்காரர் அர்ச்சுனன் தபசு அன்று, மரத்தின்மேல் ஏறுமுன் வரும் இடைவெளியில், அந்த மூன்று சுருதிக்கூட்டை லேசாக அழுத்திக் காட்டுவதை நான் நேரில் கேட்டேன். கிதார் பையன் வளைகுடாவில் இருக்கிறான். அக்காவின் கிதார் அவன் அம்மா வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சபையின் பாடகர் குழுவையும் பயிற்றுவிக்கிறேன். ஆல்டோ பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது தனிப்பாட்டு உண்டு. அது நான் வைத்த விதி.

டிசம்பரில் அக்கா தம் வகுப்பினர் கூடுகைக்காகப் பாகாயம் வருகிறார். இருப்பவர்கள் எல்லோரும் மாஸ்டர் வீட்டு மாடியில் சேர்ந்து பாலாற்றுப் பாட்டை ஒருமுறை முழுவதுமாக வாசித்துப் பதிவுசெய்வது என்று முடிவு. அதில் ஒரு தகராறு இன்னும் தீரவில்லை. கீபோர்டு அண்ணன் மூன்று கட்டையில்தான் வாசிக்க வேண்டும், பெயரே அதுதானே என்கிறார். எனக்கு இப்போது வயதுக்கேற்பக் குரல் இறங்கியிருக்கிறது. இரண்டரைதான் நன்றாக உட்காருகிறது. அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். எல்லாக் கம்பிகளையும் அரைக்கட்டை இறக்கிக் கட்டிக்கொள்ளலாம், ப்ளூஸ் கிதார்க்காரர் ஸ்டீவி ரே வான் வாசித்ததே அந்தச் சுருதியில்தான், கம்பி தளர்ந்திருந்தால் காந்தாரத்தை வளைப்பதும் சுலபம் என்றார். கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முகவீணைக்குத்தான் என்ன செய்வது என்று டோலக் அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஊதும் முனையில் வைக்கும் சீவாளியைப் புதிதாகச் செய்து பார்க்கிறாராம்.